மழை வராது என்று சொன்ன இருவர்

மார்ச் மாதத்தில் மலேசியாவின் கோலசிலாங்கூரில் சிலுவைப் பாதை நடத்துவது சுலபமான காரியம் இல்லை. ஒரு பக்கம் தஞ்சோங் காராங்கில் அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் புகை, மறுபக்கம் தலைக்கு மேலே வெயில். தவக்காலம் அந்த மாதத்தைத் தேடிப் பிடித்து வந்து சேரும். ஆண்டவர் சிலுவை சுமந்த பதினான்கு நிலைகளின் படங்களைக் கோயிலின் பின்பக்கத் தார்ச்சாலையில் வைத்து, நிலைக்கு நிலை முழந்தாளிட்டு எழுந்து போவதற்குள் பாதிப் பேர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள். ஒரு வருஷம் பாடகர் குழுவில் இரண்டு பெண்கள் மயங்கியே விழுந்தார்கள். ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்த நிலையில், அவர் படத்துக்குக் கீழேயே அவர்களைப் படுக்கவைத்துப் பாட்டுப் புத்தகத்தால் விசிறினோம்.

அதற்கு அடுத்துக் கூடிய பங்குப் பேரவைக் கூட்டத்தில்தான் மலைக்குப் போகும் யோசனை வந்தது. சொன்னவர் ரோம் ஆண்டி. ஒருமுறை ஐரோப்பாவுக்குத் திருயாத்திரை போய் வந்ததிலிருந்து அவருக்கு அந்தப் பெயர். எதைப் பேசினாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

"அங்கெல்லாம் தவக்காலம்னா ஸ்பிரிங்" என்றார். "காலையில பனி, அப்புறம் வெயில், அப்புறம் ஒரு தூறல். மனசு தானா ஜெபத்துக்குப் போயிடும். நம்ம ஊர் வெயில்ல பாவத்தைக்கூட நினைச்சுப் பார்க்க முடியல."

எல்லோரும் ஃபாதரைப் பார்த்தோம். புதிதாக வந்தவர், பருமனானவர், கழுத்துவரை மூடிய வெள்ளை அங்கியோடு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். "நல்ல யோசனை" என்று உடனே சொல்லிவிட்டார். அந்த வருஷம் அவ்வளவு சீக்கிரமாக முடிவான விஷயம் வேறு எதுவும் இல்லை.

இடம், வருஷம் முழுக்கக் குளிரும் பிரேசர் மலை. அங்கே தோட்டத்தோடு கூடிய ஒரு பழைய கல் பங்களாவை ஒரு நாளைக்கு எடுப்பது, பங்களாவின் பின்னால் குன்றின்மேல் ஏறும் சின்னப் பாதையில் நிலைப் படங்களை வைப்பது என்று பேசி முடித்தோம். அங்கே இலை உதிர்வதும் கிடையாது, துளிர்ப்பதும் கிடையாது, வருஷம் முழுக்க ஒரே பச்சைதான். ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் பங்கில் அது வசந்தகாலச் சிலுவைப் பாதை ஆகிவிட்டது.

மழை வந்தால் என்ன செய்வது என்று என் மனைவி கேட்டாள். பாடகர் குழுவுக்கு அவள்தான் தலைவி. முப்பது பெண்களின் சேலைக்கும் தொண்டைக்கும் அவள் பொறுப்பு.

பேரவைத் தலைவர் கிராணி ஐயா சிரித்தார். ஜெராம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டாலும் முதுகு நிமிர்ந்தே இருக்கும். தோட்ட அலுவலக வாசலில் மழை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. தினமும் காலையில் அதைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. அந்த ஒரு காரணத்தால் வானத்தைப் பற்றி அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவர் அளந்ததெல்லாம் பெய்து முடிந்த மழை என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"முப்பது வருஷம் மழையை அளந்தவன் நான். மார்ச்சுல மலையில மத்தியானம்வரைக்கும் ஒரு சொட்டு விழாது."

"எதுக்கும் தம்பி போன்ல பார்த்துச் சொல்லட்டுமே" என்றார் ஃபாதர்.

தம்பி என்றது என்னை. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் நான் டெக்னீஷியன். குளிர்பதன அறையின் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் கைத்தொலைபேசியில் வானிலை சொல்லும் செயலிகள் மூன்று இருந்தன. மூன்றும் ஒரே மாதிரி சொன்ன நாள் கிடையாது என்பதை நான் வெளியில் சொன்னதில்லை. இப்படியாக ஒரே கூட்டத்தில் என்னை வானிலைப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். கிராணி ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. வெளியே வரும்போது என் தோளைத் தட்டி, "போன் பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்றார்.

அடுத்த வாரங்களில் பங்கு மக்கள் உடை விஷயத்தில் காட்டிய அக்கறையை ஜெபத்தில் காட்டியிருந்தால் ஃபாதர் மகிழ்ந்திருப்பார். கிள்ளானுக்குப் போய்க் கம்பளிச் சட்டை வாங்கினார்கள். பிறந்ததிலிருந்து கையுறையே பார்க்காதவர்கள் கையுறை வாங்கினார்கள். என் மனைவி பாடகர் குழுவுக்குத் தவக்கால நிறத்தில் புது ஊதாச் சேலை எடுத்தாள். சிலுவையில் போர்த்தவும் அதே துணியில் நீளமாக ஒரு துண்டு கிழித்து வைத்தாள். சிலுவையும் புதிதுதான். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் ஒன்றைப் பிரித்தபோது எடுத்த உத்தரத்தில் செய்தது. நல்ல காட்டு மரம். தூக்கிப் பார்த்தவர்கள் மறுபேச்சுப் பேசாமல் கீழே வைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை விடியும் நேரத்தில் பஸ் கிளம்பியது. ரவாங், பத்தாங் காலிவரைக்கும் ஜெபமாலை சொன்னார்கள். கோல குபு பாரு தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும் ஜெபமாலை நின்று, பிளாஸ்டிக் பைகள் கைமாறத் தொடங்கின.

மேலே போய் இறங்கினால் பஸ்ஸின் முன்பக்கமே தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி. ரோம் ஆண்டி கண்களை மூடி மூச்சை இழுத்தார். "இதுதான் ஸ்பிரிங்" என்றார், தானே கொண்டுவந்து இறக்கியவர் மாதிரி.

கிராணி ஐயா என்னிடம் வந்தார். "என்ன தம்பி, போன் என்ன சொல்லுது?"

இரண்டு செயலிகள் வெயில் என்றன. மூன்றாவதுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. "மழை இல்லைங்கய்யா."

"நானும் அதான் சொல்றேன். இந்தப் பனி விலகினா நாள் பூரா வெயில்தான்."

நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. அந்த மகிழ்ச்சியில் குடைகளையெல்லாம் பஸ்ஸிலேயே விட்டுவிடலாம் என்று அவர் சொன்னார். நான் தலையாட்டினேன். அதற்குக் காரணம் மழை மட்டும் இல்லை. எங்கள் ஊர்க் குடைகள் பெரும்பாலும் தேர்தல் சமயத்தில் இனாமாகக் கிடைத்தவை. கட்சிச் சின்னங்களுக்குக் கீழே சிலுவைப் பாதை போனால் படம் நன்றாக இருக்காது என்பது கிராணி ஐயாவின் கருத்து. குடைகள் பஸ்ஸில் தங்கின. பஸ்ஸை ஓட்டுநர் எங்கோ கீழே கொண்டுபோய் நிறுத்தினார்.

முதல் நிலையில் ஃபாதர் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்தார். பின்னால் நின்றவர்களுக்குச் சிலுவையும் தெரியவில்லை, ஃபாதரும் தெரியவில்லை. இருமல் சத்தத்தை வைத்துத்தான் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்தோம். அப்படி நடந்ததில் எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் பாதை பிரியும் இடத்தில் தவறான பக்கம் போய்விட்டார்கள். அங்கே ஒரு சிறு கூட்டம் ஆடாமல் அசையாமல், சத்தமே இல்லாமல், மேலே பார்த்தபடி நின்றிருந்தது. இவ்வளவு பக்தி நம்மவர்களுக்கு எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இவர்களும் முழந்தாளிட்டுவிட்டார்கள். பனி கொஞ்சம் விலகியபோது பார்த்தால், அவர்கள் கேமராவும் தொலைநோக்கியும் வைத்துக்கொண்டு மரத்தில் பறவை பார்க்க வந்த சீனர்கள். அவர்களில் ஒரு பெரியவர் உதட்டில் விரல் வைத்து, பறவை பறந்துவிடப் போகிறது என்று சைகை காட்டியிருக்கிறார். இவர்கள் அதையும் ஜெபத்தின் பகுதி என்று நினைத்துத் தலைகுனிந்திருக்கிறார்கள். மூன்றாம் நிலையில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

நான்காம் நிலையில் வெயில் வந்தது. யாரோ விளக்குப் போட்டதுபோல ஒரே நொடியில் மலை முழுவதும் பளிச்சென்றாகிவிட்டது. கம்பளிச் சட்டைகளைக் கழற்றி இடுப்பில் கட்டினார்கள். அதுவரை சிலுவையைச் சுமந்த இரண்டு இளைஞர்களிடம் பரிவு காட்ட ஒரு பெரிய வரிசையே திரண்டது. வெயில் நல்ல கோணத்தில் இருந்தது, பின்னால் நீல நிறத்தில் மலைகள். சிலுவையைத் தோளில் வைத்து நாலு அடி நடந்து, வேதனையோடு ஒரு பார்வை பார்த்து, படம் எடுத்ததும் அடுத்தவரிடம் கொடுத்தார்கள். சீரேன் ஊர் சீமோன் சிலுவை சுமக்க உதவிய ஐந்தாம் நிலையில் சீமோனாக யார் நிற்பது என்று இரண்டு பேர் கொஞ்சம் காரமாகவே பேசிக்கொண்டார்கள். கிராணி ஐயா நடுவே புகுந்து, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்துவதுபோல எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் வெயில் போய்விட்டது.

பிறகு காற்று. காற்றோடு ஒரு தூறல். தூறல் நின்று மறுபடியும் வெயில். கழற்றிய கம்பளிகளைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் கழற்றினார்கள். ஒவ்வொரு முறையும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தொலைபேசியைப் பார்த்தேன். அது வெயில் படத்தையே காட்டியது.

"ஐரோப்பாவுல இப்படித்தான்" என்றார் ரோம் ஆண்டி. அவர் குரலில் காலையில் இருந்த தெம்பு இல்லை.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார். மழை வருமா என்று அவரிடம் மலாயில் கேட்டேன். வானத்தை நன்றாகப் பார்த்தார். வராது, கவலைப்படாதே, நானே இப்போதுதான் போர்வைகளைக் காயப்போட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நிலையில், ஆண்டவர் மூன்றாம் முறை விழும் இடத்தில், மழை விழுந்தது. துளி போட்டு, யோசித்து, பிறகு வலுக்கும் மழை இல்லை அது. எடுத்ததுமே கொட்டியது. ஃபாதர் பாதி வாக்கியத்தில் இருந்தார். மீதியைக் கேட்க யாரும் இல்லை. முழங்காலில் வலி என்று நாற்காலி கேட்டவர்களெல்லாம் எங்களை முந்திக்கொண்டு பங்களாவை நோக்கி ஓடினார்கள். சிலுவையைச் சுமந்தவர்கள் அதைப் பாதையோரம் ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு ஓடினார்கள்.

பங்களாத் தாழ்வாரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றோம். மலாய்க்காரர் தொப்பலாக நனைந்த போர்வைகளோடு ஒரு ஓரத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். ஊதாச் சேலைகளில் சாயம் இறங்கத் தொடங்கியிருந்தது. பெண்களின் கால், செருப்பு, பாட்டுப் புத்தகம் எல்லாம் ஊதா.

"மீதியை இங்கேயே முடிச்சிடலாமா?" என்றார் ஃபாதர். அவருக்கும் குளிர்ந்தது.

"சிலுவை?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் மேலே பார்த்தோம். மழைக்கு நடுவே மரத்தில் சாய்ந்தபடி தனியாக நின்றது. காலையில் வரிசையில் முதலில் நின்றவர் தொலைபேசியில் எடுத்த படங்களைப் பார்க்கத் தொடங்கினார். சீமோனாக நிற்கச் சண்டை போட்டவர் பங்களாவில் கொடுத்த தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"மரம்தானே லா" என்றது ஒரு குரல். "நனைஞ்சா என்ன ஆயிடப் போகுது."

என் மனைவி சேலை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "மழை வராதுன்னு ரெண்டு பேர் சொன்னாங்களே. அவங்க போய் எடுத்துட்டு வரட்டும்."

கிராணி ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதலில் படியிறங்கினார். எழுபது வயதுக்காரர் இறங்கிய பிறகு நான் நின்றால் நன்றாக இருக்காது. நானும் இறங்கினேன்.

மழை முகத்தில் அறைந்தது. சிலுவையை அடைந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. நனைந்த மரம் இரண்டு மடங்கு கனத்தது. அவர் தலைப்பக்கத்தைத் தோளில் வைத்துக்கொண்டார். அடிப்பக்கத்தை நான் பிடித்தேன். ஊதாத் துணியின் சாயம் அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

"ஐயா, நிஜமாவே மழை வராதுன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் நடந்துகொண்டே பேசினார். "தோட்டத்துல காலையில மழை பெஞ்சா ரப்பர் மரத்துல பால் வெட்ட முடியாது. பெரட்டுக்கு வந்த சனங்க என் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. வேலை உண்டா இல்லையான்னு சொல்ல வேண்டியவரு தொரை. அவரு இன்னும் எழுந்திருக்கவே மாட்டாரு. நான் என்னத்தைச் சொல்றது? விட்டுரும், விட்டுரும்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். அப்படிச் சொன்னாத்தான் கலையாம நிப்பாங்க. அதுவே வாயில தங்கிடுச்சு."

"விட்டுச்சா?"

"சில நாள் விட்டுச்சு. உன் போன் மாதிரிதான்."

நான் தலையைக் குனிந்து, அவர் குதிகாலைப் பார்த்தே நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொடை வலிப்பது உறைத்தது. இறக்கத்தில் போகிறவனுக்குத் தொடை ஏன் வலிக்க வேண்டும்? நிமிர்ந்து பார்த்தேன். பங்களா எங்களுக்குப் பின்னால், கீழே இருந்தது.

"ஐயா, மேல போறோம்."

அவர் நின்றார். கண்ணைச் சுருக்கிச் சுற்றிலும் பார்த்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்களுக்கு எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளைதான்.

"மேலயா?"

"ஆமாங்கய்யா. பங்களா பின்னால இருக்கு."

திரும்பலாம் என்று நினைத்தோம். அவ்வளவு நீளமான சிலுவையை அந்தக் குறுகலான பாதையில் திருப்புவது லோரியைத் திருப்புவது மாதிரி. அவர் ஒரு பக்கம் திரும்ப, நான் மறுபக்கம் திரும்ப, இரண்டு பேரும் ஆளுக்கொரு முறை வழுக்கினோம். அப்போதுதான் கீழேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

அங்கே நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். தாழ்வாரத்தில் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எழுபது வயதுப் பெரியவர் சிலுவையைத் தோளில் வைத்து, இறங்காமல், மழையில் அடுத்த நிலையை நோக்கி ஏறிப் போகிறார். வழுக்கி விழுகிறார், எழுகிறார். பின்னால் ஒருவன் தலைகுனிந்து போகிறான். ஃபாதரின் கண் கலங்கிவிட்டதாம். "நம்ம இங்க தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்கிறோம்" என்று சொல்லிப் புத்தகத்தை அங்கிக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார். ஃபாதர் இறங்கியதும் ரோம் ஆண்டி இறங்கினார். அவர் இறங்கிய பிறகு மற்றவர்கள் நிற்க முடியவில்லை. என் மனைவி பாட்டைத் தொடங்க, ஊதாத் தண்ணீர் ஒழுக ஒழுக முழுப் பாடகர் குழுவும் ஏறி வந்தது.

எங்களிடம் வந்து சேர்ந்ததும் ஃபாதர் கிராணி ஐயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கிராணி ஐயா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதன் பிறகு மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

பத்தாம் நிலையிலிருந்து கடைசிவரை மழையிலேயே முடித்தோம். படம் எடுக்க முடியாது. தொலைபேசிகளைப் பையை விட்டு யாரும் வெளியே எடுக்கவில்லை. பாறைமேல் முழந்தாளிட்டார்கள், சேற்றில் முழந்தாளிட்டார்கள். என் பக்கத்தில் இருந்தவர் அழுதாரா, மழைத்தண்ணீரா என்று தெரியவில்லை. ஆண்டவரை அடக்கம் செய்யும் நிலையில் ஃபாதர் புத்தகத்தைத் திறந்தார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. மூடிவிட்டு, மனத்தில் வந்ததை நாலு வரி சொன்னார். அவ்வளவு நல்ல ஜெபத்தை அவரிடமிருந்து நாங்கள் அதுவரை கேட்டதில்லை. ஆமென் சொல்லி முடித்தபோதும் மழை நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நின்றது.

மறுநாள் பூசைப் பிரசங்கத்தில் ஃபாதர் எங்கள் இரண்டு பேரையும் பற்றித்தான் பேசினார். எல்லோரும் கூரையைத் தேடியபோது இவர்கள் குன்றைத் தேடினார்கள் என்றார். கோயில் முழுக்கத் தும்மல் சத்தம். நான் கிராணி ஐயாவைத் தேடினேன். அவர் வரவில்லை, காய்ச்சல்.

சாயங்காலம் மனைவியோடு அவர் வீட்டுக்குப் போனேன். கம்பளிச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு கோலசிலாங்கூர் வெக்கையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபாதர் பேசியதைச் சொன்னேன். முகத்தை மாற்றாமல் கேட்டார்.

"நீ ஏதாச்சும் விளக்கம் சொன்னியா?"

"இல்லைங்கய்யா."

"நல்லது. இப்ப போய்ச் சொன்னா சனங்க மனசு கஷ்டப்படும்."

அவர் மனைவி இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மா முழங்கால் வலியால் மலைக்கு வரவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"தம்பி, இவரு மழையில நடந்தப்போ கண்ணாடி போட்டிருந்தாரா?"

நான் கிராணி ஐயாவைப் பார்த்தேன். என் மனைவி இஞ்சித் தண்ணீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி இல்லாட்டி இவருக்கு நம்ம வீட்டு வாசலே தெரியாது" என்றார் அந்த அம்மா. "அடுத்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டிக்கிட்டு நிப்பாரு."

கிராணி ஐயா கோப்பையைக் கையில் எடுத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாகி, கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மா அவர் முதுகைத் தடவிக் கொடுத்து, கோப்பையைக் கையிலிருந்து வாங்கி வைத்தார்.